அக்கா பார்க்க வேண்டிய நாற்காலி

மார்ச் 4, செவ்வாய்

ஒரு சிறிய தவறு செய்திருக்கிறேன். பாதி சோதித்ததை முழுதாகச் சோதித்ததுபோல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "பக்கம் ரெடி, நாளைக்குத் திற" என்று நேற்று போனில் பெருமையாக அறிவித்தேன். இன்று வாசிப்பறையில் அவள் திறந்து பார்த்தபோது வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். கடைசியில், தளம் பதில் தர நேரமெடுக்கிறது என்று வந்ததாம். எனக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை. நான் எங்கே உட்கார்ந்து பார்த்தேன் என்று யோசித்ததும் காது சூடானது. வீட்டுக் கூடத்தில், வீட்டு வைஃபையில், சர்வரிலிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில்.

இந்தப் பக்கம் எதற்காக என்பதை எழுதி வைக்கிறேன். அவசரத்தில் அதை மறந்துவிட்டு இயந்திரங்களோடு மட்டும் மல்லுக்கட்டும் பழக்கம் எனக்கு உண்டு.

அக்கா தீயணைப்புப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. அங்கே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மாலை ஏழிலிருந்து எட்டு வரை வாசிப்பறைக் கம்ப்யூட்டர்களைப் பயன்படுத்தலாம். அரட்டை, அஞ்சல், படம் போடும் தளங்கள் எல்லாவற்றையும் அடைத்திருக்கிறார்கள். சாதாரண இணையப் பக்கங்கள் மட்டும் திறக்கும். எட்டு மணிக்குப் பிறகு நடைகூடத்தில் இருக்கும் ஒற்றைத் தொலைபேசியில் வரிசையில் நின்று பேசலாம். பின்னால் நிற்பவர் இருமத் தொடங்கினால் வைத்துவிட வேண்டும்.

போன வாரம் உயரமான ஏணியில் பாதி ஏறியவள் அங்கேயே நின்றுவிட்டாள். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. இன்னொருவர் ஏறி, அவள் காலை ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவள் குரலே மாறிவிட்டது. வரும் சனிக்கிழமை இரவு வருகை வாசிப்பில், விலக நினைப்பவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். அதன்பின் விலகவும் முடியாது, விலகியவர்கள் திரும்பச் சேரவும் முடியாது.

"வந்துடட்டும். வீடு என்ன ஓடியா போயிடும்?" என்கிறார் அம்மா. அப்பா ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அக்கா சேர்ந்த அன்று வாங்கிய பயிற்சிக் காலணியின் அட்டைப்பெட்டியை இன்னும் அலமாரி மேலிருந்து எடுக்க விடவில்லை.

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு வீட்டைப் பார்க்கணும்டா. மேனேஜர் அந்த நாற்காலில படுத்திருக்கறத ஒரு தடவை பார்த்துட்டா போதும். இல்லேன்னா நான் பயந்து வர்றேனா, ஏங்கி வர்றேனான்னு எனக்கே தெரியாம போயிடும்."

மேனேஜர் எங்கள் பூனை. வேலை எதுவும் செய்யாமல் எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர். அக்காதான் வைத்தாள்.

அம்மா வேலை செய்யும் நூலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைத் துடைத்து, கூடத்தில் செருப்பு அலமாரி மேல் வைத்து, பக்கத்தைக் கேட்பவருக்கு எடுத்துத் தரும் சர்வர் ஆக்கியிருக்கிறேன். அதன் தலையில் ஒரு சின்னக் கேமரா. அது நாற்காலியை நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் போடுகிறது. நான் படிக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் மாலை வகுப்பில் இந்தப் பருவத்துக்குச் செய்ய வேண்டிய பயிற்சியும் இதுவே. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தேன். இப்போது கல் என் தலையில் விழுந்திருக்கிறது.

மார்ச் 5, புதன்

பகலில் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிறேன். கண் பரிசோதிக்க வருகிறவர்களிடம் எங்கள் முதலாளியம்மா ஒரு வில்லையைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். ஒரு சமயத்தில் ஒரு வில்லையை மட்டும்தான் மாற்றுவார். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் தெளிந்தது என்று தெரியாது. இதைத் தினமும் பார்க்கிறேன். ஆனாலும் என் வேலையில் மறந்துவிடுகிறேன்.

மாலை வகுப்பு. பாடம் எடுக்கும் மேடம் என்னைவிட இரண்டு வயது இளையவர். மேடம் என்று கூப்பிடும்போது எங்கள் இருவருக்குமே கொஞ்சம் கூச்சம்.

"வீட்டுக்குள்ள திறக்குதா?"

"திறக்குது மேடம்."

"வெளியில இருந்து?"

"திறக்கல."

"எந்த இடத்துல நிக்குது?"

"அதுதான் தெரியல."

"தெரியலேன்னா சந்தோஷம். தெரியும்னு நினைச்சுக்கிட்டு வர்றவங்கதான் எனக்குத் தலைவலி" என்றார். பிறகு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். இது பாராட்டா இல்லையா என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

வீட்டில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முதலில் ரூட்டர். வெளியுலகில் எங்கள் வீட்டுக்கு ஓர் எண் உண்டு. சில இடங்களில் பல வீடுகளுக்கு ஒரே எண்ணைப் பங்குபோட்டுக் கொடுத்திருப்பார்கள். அப்படியானால் வெளியிலிருந்து யாரும் நேராக வர முடியாது. எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எண் எங்களுக்கே உரியது. அது அவ்வப்போது மாறும் என்பதால் ஒரு பெயரைப் பதிவு செய்து, எண் மாறினால் ரூட்டரே அந்தப் பெயரிடம் போய்ச் சொல்லும்படி வைத்திருக்கிறேன். அதுவும் சரியாக வேலை செய்கிறது. இவ்வளவு முன்யோசனை எனக்கு இருந்ததே என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன்.

அடுத்து சர்வர். அதன் ஃபயர்வாலை, அதாவது யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் காவலை, திறந்து பார்த்தேன். வீட்டில் உள்ளவர்களை மட்டும் விடு என்று இருந்தது. அப்படி வைத்தது வேறு யாரும் இல்லை. அமைக்கும்போது அது கேட்ட கேள்விக்கு, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று நானே கொடுத்த பதில். அக்காவுக்காக ஒரு கதவு செய்து, அக்காவை விடாதே என்று அதிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். அதை மாற்றினேன்.

கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் திறந்தேன். திறக்கவில்லை. ஆனால் வட்டம் சுற்றவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்று உடனே வந்தது. நேற்று யாரும் பதிலே சொல்லவில்லை, இன்று யாரோ முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறார்கள். இதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அப்பா வழக்கம்போல் சுற்றுக்குக் கிளம்பினார். அவர் தையல் மெஷின் பழுதுபார்ப்பவர். படுக்கப் போகும்முன் டிவி, ரூட்டர், பிரிண்டர், இப்போது சர்வர் என்று ஒவ்வொன்றாக அணைப்பார். அணைத்ததும் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"ஓய்வு குடுத்தா மெஷின் பத்து வருஷம் கூட உழைக்கும்."

"எனக்கு மட்டும் ஓய்வு கிடையாது. எனக்குத்தான் சுவிட்சே வைக்கலையே" என்றார் அம்மா, துவைத்த துணிகளை மடித்தபடி.

"உன்னை அணைச்சா அப்புறம் யாரு ஆன் பண்றது? எனக்கு அந்த தைரியம் இல்ல."

அம்மா ஒரு தலையணை உறையை அவர் மேல் எறிந்தார். அதையும் மடித்து வைத்துவிட்டுத்தான் அப்பா படுக்கப் போனார்.

மார்ச் 6, வியாழன்

ரூட்டரில் உள்ள விதியைச் சரிபார்த்தேன். வெளியிலிருந்து இணையப் பக்கம் கேட்டு வருபவரை வீட்டுக்குள் இன்ன எண் உள்ள இயந்திரத்திடம் அனுப்பு என்பது விதி. சர்வரின் எண் பதினான்கில் முடியும். விதியிலும் பதினான்கு. ஞாயிற்றுக்கிழமை நான் குறித்து வைத்ததும் பதினான்கு. சரி என்று ஒரு டிக் போட்டேன்.

மிச்சம் இருப்பது இணைய நிறுவனம். சில நிறுவனங்கள் வீடுகளில் சர்வர் வைக்கவிடாமல் அந்த வழியையே அடைத்துவிடும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். மதிய இடைவேளையில் வீட்டுக்கு வந்து அவர்களுக்குப் போன் செய்தேன். அப்பாவும் சாப்பிட வந்திருந்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"நாங்க எதையும் அடைக்கலைங்க சார்" என்றார் அந்தப் பக்கம் பேசியவர். "ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க."

"அதைத்தானே நான் தினமும் பண்றேன்!" என்றார் அப்பா, வாயில் சோற்றோடு. "இதுக்குப் போய் ஆபீஸ் வச்சு சம்பளம் குடுக்கறாங்களா?"

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க."

"நான் சொன்னா சும்மா இரு. அவர் சொன்னா மட்டும் ஸ்பீக்கரா?"

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாலை ஏழு மணிக்கு அக்கா முயன்றிருக்கிறாள். திறக்கவில்லை. எட்டேகாலுக்குப் போன் வந்தது. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்ததுமே நிறுத்தினாள்.

"விடுடா. நீ என்ன பண்ணுவ."

"நாளைக்குள்ள சரி பண்ணிடறேன்க்கா."

"பரவாயில்லன்னு சொன்னேன்ல. சனிக்கிழமை பேர் குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை நேர்லயே பார்த்துக்கறேன் உன் மேனேஜரை."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன வயதில் என் பென்சில் முனை உடைந்தால்கூட, "எழுதினியா, குத்தினியா?" என்று கேட்டு மண்டையில் குட்டுகிற அக்கா. பரவாயில்லை என்று அவள் சொல்லிக் கேட்டதே இல்லை. பின்னால் யாரோ இருமினார்கள். வைத்துவிட்டாள்.

அம்மா எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்லம்மா. திறக்கலையாம்."

"அவளுக்கு ஏணிதான் திறக்கல. உன் பக்கம் இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறைக்குள் போனார். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன.

என்னால் முடியாது என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். முடியாது என்பதற்கும் இன்னும் ஆதாரம் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

நூலகப் புத்தகங்களின் முதுகில் ஒட்டும் சீட்டுகளை அம்மா வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் அச்சடிப்பார். அதனால் காலையில் எழுந்ததும் பிரிண்டரைப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தார். மாலை நாங்கள் மூவரும் கூடத்தில் இருந்தோம். அப்பா ஒரு மெஷினின் ஊசித்தண்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா சீட்டு வெட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் நாற்காலியில். நான் சர்வர் முன்னால் ஒன்றும் செய்யத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏழரை மணி இருக்கும். பிரிண்டர் திடீரென்று உறுமியது. மேனேஜர் ஒரே தாவலில் அலமாரிக்கு அடியில் புகுந்தது. பிரிண்டர் ஒரு தாளை இழுத்தது, தலையை இப்படியும் அப்படியும் ஓட்டியது, நிதானமாக ஒரு பக்கத்தை வெளியே தள்ளியது. அதில் வண்ணப் பட்டைகள், சில எழுத்துகள். வேறு ஒன்றும் இல்லை.

"நீ அமுக்கினியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

"நீங்க?"

"நான் இங்க எண்ணெய்க் கையோட உக்கார்ந்திருக்கேன்" என்றார் அப்பா.

"அப்போ யாரு, மேனேஜரா?"

நாங்கள் மூன்று பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிரிண்டர் மறுபடியும் உறுமி இன்னொரு தாளைத் தள்ளியது. அதே வண்ணப் பட்டைகள். அம்மா ஓரடி பின்வாங்கி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் படும் என்று சொல்ல அப்பாவுக்கு மனமில்லை.

எட்டு மணி கழிந்ததும் போன் அடித்தது. அக்கா.

"டேய்! பக்கம் திறந்துடுச்சுடா!"

"திறந்துதா? மேனேஜர் தெரிஞ்சுதா?"

"மேனேஜரா? அதெல்லாம் இல்ல. கறுப்பு மை குறைவா இருக்குன்னு ஒரு படம் இருந்துச்சு. கீழ தாள் அளவு என்னன்னு கேட்டுச்சு. நீ ஏதோ புதுசா வடிவமைச்சிருக்கன்னு நினைச்சேன். என்னடா இது, வீட்டைப் பார்க்கணும்னா மை இருக்கா இல்லையான்னு காட்டறானேன்னு..."

"அக்கா, நீ ஏதாவது அமுக்கினியா?"

"சோதனைப் பக்கம்னு ஒரு பட்டன் இருந்துச்சு. அமுக்கினேன். ஒண்ணும் ஆகல. திரும்பவும் அமுக்கினேன்."

நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பார்த்தது எங்கள் பிரிண்டரின் பக்கம். இந்த மாதிரிப் பிரிண்டர்களுக்குள்ளும் ஒரு சின்ன இணையப் பக்கம் இருக்கும். மை, தாள் நிலவரம் பார்ப்பதற்காக. அக்கா வெளியிலிருந்து வந்திருக்கிறாள், ரூட்டர் அவளை உள்ளே விட்டிருக்கிறது, ஆனால் வேறு ஆளிடம் அனுப்பியிருக்கிறது.

"என்னடா ஆச்சு? உடைச்சுட்டேனா?"

"உடைக்கலக்கா. நீ இங்க பிரிண்டரை ஓட்டிட்ட. அம்மா அலறிட்டாங்க."

"நான் அலறல" என்றார் அம்மா.

"அம்மா அலறினாங்களா?" அக்கா சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல்முறை. மூக்கால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சிரிப்பு. அதோடு பின்னால் இருமுகிறவரிடம், "ஒரு நிமிஷம் இருங்களேன், எங்க வீட்டு பிரிண்டரை நான் இங்க இருந்து ஓட்டியிருக்கேன்" என்று சொல்வதும் கேட்டது.

போன் வைத்த பிறகு அப்பா அந்த இரண்டு தாள்களையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதை அவ அங்கயிருந்து அடிச்சாளா?"

"ஆமாப்பா."

"நம்ம வீட்டுக்குள்ள கை நீட்டியிருக்கா" என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை அம்மா கேட்டார். கொடுத்தார்.

காரணம் எழுதுகிறேன். ரூட்டர் வீட்டில் உள்ள இயந்திரங்களுக்கு விழித்தெழும் வரிசையில் எண் கொடுக்கிறது. அணைத்தால் எங்கள் ரூட்டர் பழசை மறந்துவிடும். அப்பா தினமும் எல்லாவற்றையும் அணைக்கிறார். எனவே தினமும் புது வரிசை. சர்வர் பழைய கம்ப்யூட்டர், மெதுவாகத்தான் எழுந்திருக்கும், அதற்கு இன்று பதினாறு. ஞாயிற்றுக்கிழமை சர்வருக்குக் கிடைத்த பதினான்கு இன்று பிரிண்டருக்கு. புதன்கிழமை முகத்தில் அடித்தாற்போல் மறுத்தது டிவியாக இருக்கலாம். செவ்வாயன்று பதிலே சொல்லாமல் இருந்தது அநேகமாக அப்பாவின் கைப்பேசி. அவரும் அப்படித்தான், யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டார்.

அப்படியானால் புதனன்று மாறிய பதில் நான் ஃபயர்வாலைத் திருத்தியதால் வந்ததல்ல. என்னை அறியாமல் இரண்டு வில்லைகள் மாறியிருக்கின்றன. நேற்று விதியைச் சர்வரோடு ஒப்பிடாமல், நான் எழுதி வைத்ததோடு ஒப்பிட்டேன். என் எழுத்து என் எழுத்தோடு ஒத்துப்போனதில் என்ன வியப்பு. வெளியே மாறும் எண்ணுக்கு அத்தனை ஏற்பாடு செய்தவன், உள்ளே மாறும் எண்ணை நினைக்கவே இல்லை. இணைய நிறுவனத்துக்காரரிடம் அப்பா அதை வாய்விட்டே சொன்னார். நான் சும்மா இருங்கள் என்றேன்.

இதை விளக்கியதும் அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ நான் அணைச்சதுனாலயா அவ பார்க்க முடியல?"

"இல்லப்பா. நான் அதை யோசிக்காததால."

"இனிமே அணைக்கல."

பத்து மணிக்கு அவர் சுற்றுக்குப் போகவில்லை. படுத்தார். எழுந்து வந்து ரூட்டரைப் பார்த்தார். போய்ப் படுத்தார். மறுபடி வந்து சர்வர் மேல் கை வைத்து, "சுடுதுடா இது" என்றார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

"அப்பா, அணைச்சுடுங்க."

"அக்கா?"

"நீங்க அணைச்சாலும் நாளைக்கு வேலை செய்யணும். அப்படிச் செய்யத் தெரியலேன்னா நான் படிக்கறதுல என்ன அர்த்தம்?"

அணைத்தார். முதுகில் தட்டினார். என் முதுகிலும் ஒன்று.

மார்ச் 8, சனி

கடையில் அரைநாள் விடுப்புக் கேட்டேன். முதலாளியம்மா ஏன் என்றார். "எங்க அக்கா வீட்டைப் பார்க்கணும்" என்றேன். "வரட்டுமே, அதுக்கு ஏன் லீவு?" என்றார். விளக்கினேன். பாதியிலேயே கையைக் காட்டிப் போகச் சொல்லிவிட்டார்.

சர்வருக்கு ரூட்டரில் நிரந்தரமாக ஓர் எண் ஒதுக்கினேன். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பிறக்கும்போதே பதித்த அடையாளம் ஒன்று இருக்கிறது. அந்த அடையாளத்தோடு யார் எப்போது வந்தாலும் ஐம்பது என்ற எண்ணையே கொடு, வேறு யாருக்கும் அதைக் கொடுக்காதே என்று. வெளியிலிருந்து வருபவரை அனுப்பும் விதியிலும் ஐம்பது. இந்த முறை சர்வரிடமே கேட்டு ஒப்பிட்டேன்.

பிறகு சோதனை. நான் தெருமுனைக்குப் போய், வைஃபை எட்டாத இடத்தில், கைப்பேசி டேட்டாவோடு நின்றேன். வீட்டில் அப்பாவுக்கு உத்தியோகம்: எல்லாவற்றையும் அணைத்து, நான் சொல்லும் வரிசையில் போட வேண்டும். அம்மா வாசலில் நின்று சேதி கடத்தினார்.

"டிவி முதல்ல!" என்று நான் கத்தினேன்.

"டிவி முதல்லயாம்!" என்று அம்மா உள்ளே கத்தினார்.

திறந்தது. நாற்காலியில் மேனேஜர், காலை நக்கிக்கொண்டு. திரையில் அதைப் பார்த்ததும் கைப்பேசியை முகத்தருகே கொண்டுபோனேன். அந்தப் பூனையைத் தினமும் மிதிக்காமல் தாண்டிப் போகிறவன் நான்.

"இப்போ பிரிண்டர் முதல்ல! சர்வர் கடைசி!"

"பிரிண்டரா? அது வேண்டாம்டா, அதுபாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் அம்மா.

"அம்மா!"

"சரி சரி. ஏங்க, பிரிண்டராம்! தள்ளி நின்னு போடுங்க!"

திறந்தது. அப்பாவின் கைப்பேசி முதலில், சர்வர் கடைசியில், திறந்தது. எல்லாம் ஒரே சமயத்தில், திறந்தது. எதிர்வீட்டு வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை மூட மறந்து எங்களையே பார்த்தார். இந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்று யோசித்திருப்பார்.

மாலை ஏழுக்கு முன்பே எல்லாம் தயார். ஆனால் நாள் முழுக்கச் சுவிட்சுகள் போட்டு அணைத்ததிலும் கத்தியதிலும் மேனேஜருக்கு வெறுப்பு வந்துவிட்டது. அலமாரிக்கு அடியிலிருந்து வர மறுத்தது. அம்மா கெஞ்சினார், மிரட்டினார், கிண்ணத்தில் பால் வைத்தார். பாலைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டது. கடைசியில் அப்பா அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது நிமிடம் அவர் தொடையில் நகம் பதித்து ஓடியே போனது.

அப்பா எழுந்திருக்கவில்லை. எழுந்தால் ஏதாவது அறுந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, கேமராவையே பார்த்தார்.

"அப்பா, நிமிஷத்துக்கு ஒரு படம்தான். நடுவுல மூச்சு விடலாம்."

"எந்த நிமிஷத்துல அவ பார்ப்பான்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. எட்டு மணிவரை அப்பா அப்படியே இருந்தார். அம்மா நடுவில் ஒருமுறை வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒருமுறை தலைமுடியை. மூன்றாவது முறை எதையும் சரிசெய்யாமல் சும்மா பக்கத்தில் நின்றார். முகம் படத்துக்குள் வராது, கை மட்டும் வரும் என்று சொன்னேன். "கை வந்தா போதும்" என்றார்.

எட்டு மணிக்குப் பிறகு போன் வரவில்லை. எட்டரைக்கும் இல்லை. எட்டே முக்காலுக்கு வருகை வாசிப்பு என்று எங்களுக்குத் தெரியும். அப்பா மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து திறக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் திறந்தாளா என்று தெரியாது. திறந்து என்ன முடிவு செய்தாள் என்பதைச் சோதிக்க எந்த வழியும் இல்லை.

ஒன்பதரைக்கு அடித்தது. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா ஏன் அப்படி முறைச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கார்?" என்றாள் அக்கா.

அம்மா போனை அப்பாவின் பக்கம் நகர்த்தினார்.

"மேனேஜர் எங்கன்னு தேடினா, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கற மாதிரி இவரு. என் பக்கத்துல இருந்தவங்க எல்லாம் வந்து பார்த்தாங்க. யாருடி இந்த இன்ஸ்பெக்டர்னு கேட்டாங்க. எங்க அப்பான்னேன். ஒவ்வொரு நிமிஷமும் புதுப்படம் வருது, மனுஷன் அசையல. ஒரு படத்துல மட்டும் கண்ணை மூடியிருந்தார். எல்லாரும் கை தட்டினாங்க."

"பூனை ஓடிடுச்சும்மா" என்றார் அப்பா, குற்றவாளிபோல.

"அம்மா கை தெரிஞ்சுது" என்றாள் அக்கா. "உங்க தோள் மேல."

அம்மா மூக்கை உறிஞ்சினார். அப்பா ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்.

"பேர் குடுத்தியா?"

"இல்லப்பா." பிறகு, "வீட்டுக்கு வந்தா நீங்க இப்படித்தான் தினமும் என்னையே பார்த்துக்கிட்டு உக்காருவீங்க. இங்கயே இருந்துக்கறேன். ஏணி பரவாயில்ல" என்றாள்.

அதே மூக்குச் சத்தம். இந்த முறை அது சிரிப்பா வேறா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முயலவும் இல்லை.

"செவ்வாய்க்கிழமை மறுபடி ஏறணும். பயம் அப்படியேதான் இருக்கு. ஆனா இப்போ இது ஏணி பயம் மட்டும்தான். டேய், குட்டிப் பயலே, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

"நேரம் எடுத்துக்கிட்ட. ஆனா பண்ணிட்ட."

"அப்பா அணைச்சதாலதான் அக்கா, அது வந்து, ரூட்டர் எண் கொடுக்கற வரிசைல..."

"அவ கேட்டாளா இப்போ?" என்றார் அம்மா. பின்னால் யாரும் இருமவில்லை. அவள்தான் வரிசையில் கடைசி ஆளாம். வேண்டுமென்றே கடைசியாக நின்றாளாம். அதனால் நிறையப் பேசினோம். பெரும்பாலும் அம்மா பேசினார்.

போன் வைத்த பிறகு அப்பா சுற்றுக்குப் போனார்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எங்கள் தளத்துக்குப் பதிவு செய்த பெயரைத் தெரிந்தவர் எவரும் இப்போது எங்கள் கூடத்தைப் பார்க்கலாம். அக்கா ஒருத்திதான் பார்க்கிறாள் என்பதற்கு எந்தக் காவலும் நான் வைக்கவில்லை. நாளை ஞாயிறு, கடை இல்லை. காலையில் முதல் வேலையாகப் பக்கத்துக்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும்.